குவைத்தா, மந்தைவெளியா?

ஜனவரி 28, வெள்ளி

நாளை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய குறிப்பு. திட்டம்:

1. எதிர்த்தரப்பின் கேள்விகள். அவர்கள் கேட்பதைவிட வலுவாக நானே கேட்க வேண்டும்.
2. பதில்: ஷம்ஷாத் பிறந்தது இங்கே மந்தைவெளியில்தான். பச்சைக் குழந்தையாகத் தூக்கியவன் நான்.
3. கவுன்சிலராக யாருக்குத் தகுதி உண்டு? சட்டம் சொல்வது.
4. முடிவு: உண்மை தெரிந்தால் நேர்மையான மனிதன் கருத்தை மாற்றிக்கொள்வான். (இது லாய்டுக்காக. பெயர் போட வேண்டாம்.)

எதிர்வீட்டு ஷம்ஷாத் மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். குடிநீரில் சாக்கடை கலந்தபோது குடம் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் முன்னால் போய் உட்கார்ந்தவள். காலையில் வந்து, "அங்கிள், முன்மொழிபவர்னு ஒருத்தர் கையெழுத்து போடணும். நீங்கதான்" என்றாள். என்னையா! வீட்டுக்கு வரும் தபால்காரரிடம் பேசவே தொண்டையைச் செருமிக்கொள்கிறவன் நான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா?

மத்தியானமே லாய்ட் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தான். "இந்தப் பெண் இந்தியரே அல்ல. பாகிஸ்தானி. எல்லோருக்கும் அனுப்புங்கள்." லாய்டும் நானும் தினமும் சாந்தோம் பக்கம் நடக்கப் போகிறவர்கள். வங்கியில் வேலை பார்த்தவன், படித்தவன். எப்படி நம்புகிறான்?

மனைவி மர்சலினிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், இந்த வயதில் உங்களுக்கு எதற்கு என்பாள்.

ஜனவரி 29, சனி

போட்டுவிட்டேன். கல்லூரியில் தர்க்கவியல் சொல்லிக்கொடுத்த நாள் முதல் என் முறை இதுதான். முதலில் எதிராளியின் வாதத்தை அவனே மெச்சும்படி எழுது; பிறகு உடை. பாகிஸ்தான் என்பது பலவீனமான வாதம். அதைத் தள்ளிவிட்டு, "இவருடைய தகப்பனார் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில்தானே இவர் பிறந்தார்? அங்கேயே பிறந்திருக்கலாம் அல்லவா? பிறந்த ஊரை ஏன் இவர் எங்கும் சொல்வதில்லை?" என்று கேட்டேன். நல்ல கேள்விகள். கீழே வரிசையாகப் பதில்கள். அடியில் என் பெயர், பழைய பதவி.

பேரப்பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 31, திங்கள்

மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், சூப்பர் சார். படிச்சவங்க கேட்டாத்தான் சார் எடுபடுது." எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனவன் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வேளச்சேரியிலிருந்து மர்சலினின் அண்ணன் மகள் கரோல் போன் செய்தாள். "மாமா! நீங்க வைரல்! எங்க அபார்ட்மெண்ட் குரூப்லயே வந்துடுச்சு. ஆனா, உங்க எதிர்வீட்டுப் பொண்ணைப் பத்தி நீங்களா இப்படி எழுதினீங்க?"

எப்படி? அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்.

"பேராசிரியர் ஸ்தனிஸ்லாஸ் கேட்கும் கேள்விகள்! பதில் உண்டா?" கீழே என் கேள்விகள் அப்படியே. பதில்களைக் காணோம். எவனோ பாதியில் வெட்டியிருக்கிறான்.

வடபழனிவரை போயிருக்கிறதாம்.

ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். விஷயம் புரிவதற்கு முன்னால் ஒரு நிமிடம் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 1, செவ்வாய்

எதிர்வீட்டு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன்.

பிப்ரவரி 2, புதன்

அவளே வந்துவிட்டாள். நல்லவேளை, மர்சலின் மாதா கோவிலுக்குப் போயிருந்தாள்.

"என்ன அங்கிள், என்னைக் குவைத்துக்கு அனுப்பிட்டீங்க?"

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். முழுக் குறிப்பையும் காட்ட போனை எடுத்தால் கண்ணாடி கிடைக்கவில்லை. "கீழே பதில் இருந்ததும்மா. வரிசையா எழுதியிருந்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"பதிலை யார் அங்கிள் படிக்கிறாங்க? நானே படிக்கல. மேல பாத்ததும் அப்படியே பத்திக்கிச்சு." அப்புறம், "நாளைக்கு மனு தாக்கல் பண்றேன். கையெழுத்து நீங்கதான் போடறீங்க" என்றாள்.

"நானா? வேறு யாராவது..."

"வேற யாராவது போட்டா, பேராசிரியரே ஒதுங்கிட்டார்னு நாளைக்கு இன்னொன்னு வரும். வாங்க அங்கிள். ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காருவீங்கல்ல?"

உட்காருவேன் என்றேன். உட்கார்ந்ததே இல்லை.

பிப்ரவரி 3, வியாழன்

கையெழுத்துப் போட்டேன். 'ஸ்' கொஞ்சம் கோணல். ஸ்கூட்டர் வேகம்! அடையாறு பாலத்தில் காற்று முகக்கவசத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பயந்தேன், ஆனால் இறங்கியதும் இன்னொரு முறை போகலாம் போல இருந்தது.

பிப்ரவரி 5, சனி

இன்று மனுக்கள் பரிசீலனை. வரிசைப்படி எழுத முயல்கிறேன்.

மண்டல அலுவலகத்தில் பெரிய அறை. தேர்தல் அலுவலர் ஒரு பெண்மணி. ஷம்ஷாத்தின் பெயரைப் படித்ததும் எதிர் வேட்பாளரின் ஏஜெண்ட் அஸ்வத் எழுந்தான். இளைஞன், வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. "ஆட்சேபணை மேடம். வேட்பாளர் வெளிநாட்டுக்காரர். அவங்க முன்மொழிபவரே கேள்வி எழுப்பியிருக்கார்." நீட்டினான். என் கேள்விகளை அச்சடித்து லேமினேட் செய்திருந்தான்!

அலுவலர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், இது நீங்க எழுதினதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாதிதான் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து, "நான்தான்" என்றேன். "ஆனால் அது எதிர்வாதம். நான் நம்புவது அதற்குக் கீழே இருந்தது. வேட்பாளர் இங்கே, சென்னையில் பிறந்தவர். நானே சாட்சி." என் குரல் அறையெங்கும் கேட்டது. வகுப்பை விட்ட பிறகு முதல் தடவை.

பக்கத்தில் ஷம்ஷாத் என் சட்டையை லேசாக இழுத்தாள்.

"இல்ல மேடம். நான் குவைத்லதான் பிறந்தேன்."

 என் பதில் பொய். என் கேள்விதான் நிஜம்!

"பாத்தீங்களா மேடம்! அவங்களே ஒத்துக்கிறாங்க!" அஸ்வத் மேசையைத் தட்டினான்.

ஷம்ஷாத் அசையவில்லை. பையிலிருந்து தகப்பனார் பீர் முஹம்மதுவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் தன்னுடையதையும் எடுத்து வைத்தாள். "எங்க அத்தா அங்க தையல் கடையில இருந்தாங்க. அவங்க இந்தியக் குடிமகன். அவங்களுக்குப் பொறந்த நானும் அப்படித்தான். சட்டம் அப்ப அதுதான்."

எனக்கு அந்தச் சட்டம் தெரியும். மூன்றாவது குறிப்புக்காகத்தான் படித்தேன். வாயைத் திறந்தேன். "ஆமாம் மேடம். அந்த வருஷம் வெளிநாட்டில் பிறந்தாலும், தகப்பனார் இங்கே பிறந்த குடிமகனாக இருந்தால் போதும்." இவ்வளவுதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

அலுவலர் லேமினேட் செய்ததைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, வாட்ஸ்அப்பை நான் பரிசீலனை பண்ண முடியாது. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கு, வயசு சரி, ஆவணம் சரி. மனு ஏற்கப்படுகிறது."

ஏற்கப்படுகிறது! வெளியே வந்து டீ குடித்தோம். என் கையிலிருந்த டீ பாதி சட்டையில்.

அதே நாள், மாலை

மர்சலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவ குவைத்ல பொறந்தவன்னு இந்தத் தெருவுக்கே தெரியுமே! அங்க சண்டை வந்து, அம்மாவும் அப்பாவும் குழந்தையைத் தூக்கிட்டுக் கட்டின துணியோட ஓடி வந்தாங்க, நான் நம்ம பெட்ஷீட்டெல்லாம் எடுத்துக் குடுத்தேன்."

"ஷம்ஷாத்தின் அம்மாவுக்கு முதல் பிரசவம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ராயப்பேட்டைக்கு."

"ஒரு வருஷத்துக்கு மேலயா ராயப்பேட்டையில பிரசவம் பாப்பாங்க? நீங்க தூக்கினது பச்சைக் குழந்தையும் இல்ல. எட்டு மாசம். உங்க கண்ணாடியைப் பிடிச்சு இழுத்தா, நீங்க பயந்துபோய் எங்கிட்ட குடுத்துட்டீங்க."

"நீ ஏன் சொல்லவில்லை?"

"நீங்க எப்ப கேட்டீங்க?"

உண்மைதான். குறிப்பு எழுதுமுன் சட்டப் புத்தகம் பார்த்தேன். மர்சலினைக் கேட்கவில்லை. கர்ப்பிணிப் பெண்ணைத் தெருவில் காணவில்லை, பிறகு கையில் குழந்தையுடன் கண்டேன். நடுவில் தாய்வீட்டை நானாகவே போட்டு நிரப்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

திருத்தம் போட வேண்டும். பீர் முஹம்மது கை கூப்பினார். "சார், வேணாம் சார். ஆறப்போடுங்க. குவைத்னு நாமளே எழுதினா ஓட்டு போயிடும்." அவர் பயம் நியாயம். மகள் தோற்றால் அவளுக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவுக்கே இனி வாய் கிடையாது. ஆனால் நான் சும்மா இருந்தால் அவள் இங்கே பிறந்தாள் என்ற என் பொய் அவள் தலையில் நிற்கும்.

ஷம்ஷாத்தைக் கேட்டேன். "போடுங்க அங்கிள். ஆனா கேள்வி எதுவும் வேணாம், ப்ளீஸ்."

இந்த முறை எதிர்வாதம் இல்லை, வெட்ட இடமில்லை. "ஷம்ஷாத் குவைத்தில் பிறந்த இந்தியக் குடிமகள். சென்னையில் பிறந்தார் என்று நான் எழுதியது தவறு. தேர்தல் அலுவலர் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்."

லாய்ட் உடனே பதில் போட்டான்: "ஆகா! பேராசிரியரே ஒத்துக்கொண்டார்!!" பக்கத்தில் மூன்று பட்டாசுப் படங்கள்.

பூசை முடிந்து வெளியே அவனைப் பிடித்தேன். "பாஸ்போர்ட்டை நானே பார்த்தேன் லாய்ட். இந்தியப் பாஸ்போர்ட்."

"ஸ்டனி, நீ ரொம்ப நல்லவன்பா. பாஸ்போர்ட்டெல்லாம் பர்மா பஜார்ல கிடைக்கும்."

"சட்டத்தைப் படி."

"சட்டத்தை எழுதினது யாரு? அதுலதான் கீது மேட்டரு."

எங்கே கீது என்று கேட்டேன். அவன் வானத்தைக் காட்டினான். தர்க்கவியலில் இதற்குப் பெயர் இருக்கிறது. கோபத்தில் மறந்துவிட்டது.

பிப்ரவரி 7, திங்கள்

சின்னம் அலமாரி!

பிப்ரவரி 12, சனி

நான்கு தெரு நடந்தேன். நான்! ஷம்ஷாத் முன்னால், நோட்டீஸ் கட்டுடன் நான் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் குவைத் விஷயத்தை நானே எடுத்தேன். மறைத்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது. மீன் விற்கும் ஒரு அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நைனா, அது எங்க பொறந்துச்சோ, எனக்கு இன்னாத்துக்கு? குழாய்ல நாத்தம் போவுமா, அத்தச் சொல்லு" என்றாள். ஷம்ஷாத் சொன்னாள்: "போகலைன்னா உங்க வாசல்ல வந்து உக்காருவேன்." அந்த அம்மா ஒரு நோட்டீஸ் வாங்கி அன்னக்கூடைக்கு அடியில் வைத்தாள். படிக்கவா, மீன் மடிக்கவா? தெரியவில்லை.

கால் வலி. நாளையும் போகிறேன்.

பிப்ரவரி 19, சனி

வாக்களித்தேன். அலமாரி. வரிசையில் லாய்ட் எனக்கு முன்னால் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. இவ்வளவு வருஷத்தில் இப்படி நின்றதில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

ஜெயித்துவிட்டாள்!

கொஞ்சம் வித்தியாசம்தான், ஆனால் ஜெயித்துவிட்டாள். பீர் முஹம்மது தெருவில் நின்று அழுதார். மர்சலின் பாயசம் வைத்தாள். என்னை யாரோ தூக்கப் பார்த்தார்கள். இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன், அவர்களுக்கு அது இன்னும் உற்சாகமாகிவிட்டது.

மாலையில் லாய்ட் வந்தான். வாசலிலேயே நின்றான். மர்சலின், "உள்ள வாங்க லாய்ட். பாயசம் இந்தியப் பாயசம்தான், பயப்படாதீங்க" என்றாள். வந்து உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தான்.

"நானும் அலமாரிக்குத்தான் குத்தினேன்" என்றான்.

எனக்குப் புரை ஏறியது. "அப்படியானால் பாஸ்போர்ட்டை நம்பிவிட்டாயா?"

"சேச்சே! அதெல்லாம் டூப்பு. அவ குவைத்காரிதான், எழுதித் தர்றேன். ஆனா போன மழையில என் வீட்டுல முட்டி வரைக்கும் தண்ணி. வந்து மோட்டார் போட்டது யாரு? உங்க இந்தியக் குடிமக்கள் எவனாவது வந்தானா?"

அவனிடம் வாதாட வாயெடுத்தேன். மர்சலின் மூன்றாவது கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். விட்டுவிட்டேன். நாளைக் காலை நடக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் திட்டத்தில் இரண்டாவது குறிப்பு தவறு என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. நான்காவதும் தவறு. உண்மை தெரிந்தும் லாய்ட் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஓட்டை மட்டும்தான் மாற்றிப் போட்டிருக்கிறான்.