மும்முறை தோண்டிய பியோனிக் கிழங்கு

குன்றங்களில் மழை மாறாதிருக்க, குடிகள் குறைவின்றி வாழ்க. உறைபனிக் குன்றம் ஏழும் உடைய வெண்குன்ற நாட்டு அரசன் இளவெயினன், ஆற்றூர் வளநாட்டு வேந்தரும் எம் தங்கை நறுங்கோதையின் கணவருமாகிய விறல்மணியார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொற்றமும், வயலும் வாய்க்காலும் நலமே விளங்குக.

தங்கள் தூதர் கண்டராயர் கொணர்ந்த ஓலையை அவையில் படிக்கக் கேட்டோம். மணச்சீராக யாம் அளித்த பியோனிப் பூச்செடி மூன்றாண்டாகியும் ஒரு பூவும் பூக்கவில்லை என்றும், அதைக் கொணர்ந்தவள் கால்பட்ட அரண்மனை தழைக்காது என்று தங்கள் நிமித்திகர் கணித்தார் என்றும், ஆகவே எம் தங்கையைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு வரும் தை முதல் நாளில் வேறொருத்தியை அரியணையில் அமர்த்தப் போவதாகவும் அதில் கண்டிருந்தது. நல்லது. செடியைப் பற்றி முதலில் சொல்லி, பிறகு பெண்ணைப் பற்றிச் சொல்கிறோம்.

அந்தக் கிழங்கு எங்கள் அடுக்களைக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் நறுங்கோதை தன் கையால் நட்டு, ஆட்டெரு இட்டு, ஏழாண்டு வளர்த்த செடியின் பாதி. உடன் அனுப்பிய ஓலையில் தெளிவாகவே எழுதியிருந்தோம்: கிழங்கின் முளைக்கண் இரண்டு விரற்கடைக்குமேல் மண்ணுள் போகலாகாது, பனி அதன்மேல் விழட்டும், மூட வேண்டா, நட்ட இடத்தைவிட்டு அசைக்க வேண்டா, மூன்றாண்டு பொறுத்திருக்க. இதில் புரியாதது எது?

தாங்களோ, அரசர்க்கு வந்த சீர்ப்பொருள் அனைத்தையும் ஆண்டுதோறும் முடிசூட்டு நாளில் அவையோர் காண எடுத்து வைக்கும் தங்கள் குல வழக்கப்படி, வாளும் முத்தாரமும் வைத்த வரிசையில் அதையும் வைக்க வேரோடு தோண்டி, கழுவி, வெள்ளித்தட்டில் ஏற்றினீர். மறுநாள் திரும்பப் புதைத்தீர்; அதுவும் அரச சீர் ஆழ வேரூன்ற வேண்டுமென்று முழங்கை ஆழத்தில். ஒரு முறையா? மும்முறை. தோண்டாதீர்கள் என்று எம் தங்கை கைகூப்பி வேண்டியதற்கு, மலைக்காரிக்கு மண்ணைவிட்டால் வேறென்ன தெரியும் என்று தங்கள் அன்னையார் அவையறியச் சிரித்தாராம். தாங்களும் சிரித்தீராம். இதைக் கண்டராயரே, பாவம், எம் வீட்டுச் சோற்றைக் கையில் பிசைந்தபடி தலைகுனிந்து சொன்னார். தட்டின் அருகே அவளையும் நிற்கவைத்து, இவ்வாண்டாவது பூக்குமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டீராம்.

யாம் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். செடிக்கு இத்தனை விதி எழுதி அனுப்பிய யாம், பெண்ணுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று எண்ணிவிட்டோம். அந்தப் பிழை எம்முடையது.

ஆதலால், இவ்வோலை கண்ட மூன்றாம் நாள், எம் வீரர் இருபதின்மரோடு வரும் பல்லக்கில் எம் தங்கையையும், உயிரிருந்தால் அக்கிழங்கையும் ஏற்றி விடுக. மணச்சீராக யாம் தந்த யானையும் முத்தும் தங்களிடமே இருக்கட்டும், ஆண்டுக்கொருமுறை எடுத்து அழகு பார்க்க. அடுக்களைத் தோட்டத்தில் பழைய இடத்தருகே மண்ணைக் கொத்தி வைத்திருக்கிறோம். பூக்கும்போது பூக்கட்டும். பூக்காவிடினும் இங்கே ஒருவரும் அதைத் தோண்டிப் பார்க்கமாட்டார்.

கார்த்திகைத் திங்கள் பதினேழாம் நாள், அவையோர் அறிய, எழுகுன்ற முத்திரை பதித்து எம் கையால் எழுதியது. பல்லக்கு புறப்பட்டுவிட்டது.