தாஜு என்று பாடும் தட்டு

தாஜுன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது, புள்ளை! உன் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

எங்கள் பினாங்கு ரிக்கார்டுக் கடையில் ரெண்டு வருசமாகத் தூசி பிடித்துக் கிடந்ததே அமெரிக்கக்காரி பாடின தட்டு, அது விற்றுத் தீர்ந்தது. முதலாளி, "மதார், அதைக் குப்பையில போடு" என்றார். நான் ஓடவிட்டேன். வாடைக்காற்று அடங்கின பாம்பன் கடல் மாதிரிக் குரல். நடுவில் வார்த்தையை விட்டுவிட்டு, "தபு தபு தா" என்று தாளத்தோடு விளையாடுவாள். தெருவே நின்றது. முதலாளி அழுதே விட்டார்.

அந்த இடத்தில் அவள் "தாஜு, தாஜு" என்று உன்னைக் கூப்பிடுவதாகப் போன கடிதத்தில் எழுதினேன். என் தங்கச்சி, "எங்கூடப் பொறந்த காக்கா புளுகுது, கேட்டாத்தான் நம்புவேன்" என்றாளாமே! அதனால் விற்காமல் எடுத்துவைத்த கடைசித் தட்டை, ஊருக்கு வரும் ஹமீதிடம் கொடுத்தனுப்புகிறேன். மைக்செட் செல்லச்சாமியிடம் போட்டுக் கேள். ஹமீது திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. பதிலை உன் கையாலேயே எழுது, கோணல் எழுத்தானாலும் சரி.

ஹமீது கப்பலுக்கு நேரமாச்சு என்கிறான். தங்கச்சியைக் கூப்பிடாதே, நீ மட்டும் கேள். அந்தப் பாட்டுக்காரி உன் பேரைச் சொல்லவில்லை, புள்ளை. அந்த இடம் வரும்போதெல்லாம் கூடச் சேர்ந்து நான்தான் சொல்வேன்.

உன் மச்சான்,
மதார்