காட்டு வாத்தின் குரல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? அத்தை ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொள்கிறார்களா?

போன வாரம் ஏரியில் ஒரு கூத்து. பகல் முழுக்க ஆலங்கட்டி மழை நாணலை முறித்துப்போட்டது. சாயங்காலம் சட்டென்று மேகம் கிழிந்து, தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது. அந்த வெளிச்சத்தில் படமெடுக்காவிட்டால் எடிட்டர் உயிரை வாங்கிவிடுவார். காட்டு வாத்துகளோ சிறகுக்குள் தலையைச் செருகிக் கிடந்தன. நிமிரட்டும் என்று நாணலுக்குள் ஒளிந்தபடி வாத்து மாதிரியே கத்தினேன். எதிர்க்கரையில் ஒரு திருட்டு வேட்டைக்காரன் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தம் வந்த பக்கம் சுட்டுவிட்டான். எனக்கு முன்னால் எழும்பிய பெட்டை வாத்து அந்தரத்திலேயே சிதறி என் முகத்தில் அடித்தது. மிச்ச ரவைகள் என் வலது தோளில்.

ஓடிவந்தவன், "ஐயோ, வாத்துன்னுல்ல நினைச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டான். இதைவிடப் பாராட்டு வேண்டுமா, சொல்! ரவையை எடுத்துவிட்டார்கள், பயப்படாதே. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து கோணல்.

சட்டை தைத்தால் பொத்தானுக்குப் பதில் ஒட்டுகிற பட்டை வை. பொத்தான் போட்டுவிட இங்கே ஆளில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. பாப்பா வழக்கம்போலப் போனில் வாத்து மாதிரி கத்தச் சொன்னால், அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடு.

பாப்பாவின் அப்பா