நனையக் கூடாத கோட்டு

அண்ணை,

இன்று காலை எங்கள் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டது. நீண்ட விவாதத்தின் பின், உங்கள் கறுப்புக் கோட்டை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் போடுவதென்று நானும் மனைவியும் ஏகமனதாக முடிவு செய்தோம். கொடியில் விரித்ததும் பூச்சி உருண்டை மணத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

கொழும்பில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசித்தீர்கள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது ஒரு மாலை, நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டதென்று, கையில் தந்த தாளைத் தெளிவான உச்சரிப்பில் வாசித்தீர்கள். வெளியே வந்தபோது உங்கள் வீடு எரிந்துகொண்டிருந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியபோது மிஞ்சியிருந்தது உடம்பில் கிடந்த கோட்டு மட்டும்.

"நான் வாசிச்சதை நம்பிப் பக்கத்து வீட்டுச் சனங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருந்திட்டுதுகள்," என்று ஒருமுறை சொன்னீர்கள்.

பிறகு யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான சண்டிலிப்பாயில், போரால் மின்சாரம் நின்றுபோன ஆண்டுகளில், எங்கள் வாசிகசாலையே உங்கள் நிலையமாயிற்று. புகையிலைத் தோட்டக்காரர் செல்லையர் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் வானொலி முனகும். இரண்டு நிலையங்களைக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனதை மட்டும் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் அமர்ந்து வாசிப்பீர்கள். தாள் எடுத்துத் தருவது என் வேலை.

"அண்ணை, மேலை கோட்டு, கீழை சாரம். கொழும்பிலையும் உப்பிடித்தானோ?" என்பார் செல்லையர்.

"மேசைக்குக் கீழை நடக்கிறது செய்தியில்லை, செல்லையர். அதைத்தான் அங்கை எனக்குப் பழக்கினவை."

நாளடைவில், நீங்கள் வாசிக்காத எதையும் ஊர் நம்புவதில்லை என்றாகிவிட்டது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி மழையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனமொன்று ஒழுங்கையால் போனது. இராணுவம் வருகிறதாம், எல்லோரும் உடனே பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போகவேண்டுமாம். கிழக்கே ஷெல் சத்தம் நெருங்கியிருந்தது. ஊர் மூட்டைகளைக் கட்டியது; கட்டிக்கொண்டு, வீதியில் இறங்காமல், வாசிகசாலைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தது.

"சொல்லுங்கோ அண்ணை, வெளிக்கிடுறதோ?" செல்லையரின் குரலில் பகிடியோ சிரிப்போ இல்லை.

வானொலியில் அதுபற்றி ஒன்றுமில்லை.

"ஒரு வாய் சொன்னது செய்தியில்லை. ஷெல் விழுகிற அச்சுவேலிப் பக்கம் போய்ப் பாத்திட்டு வாறன்," என்றீர்கள். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தீர்கள். "இது நனையக் கூடாது. வந்து வாசிக்கிறன்."

சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறைந்தது.

பின்னேரமாகியும் நீங்கள் வரவில்லை. ஷெல் சத்தத்துக்குப் பிள்ளைகள் அழுதார்கள். பெரியவர்கள் மேசையைப் பார்த்தபடி இருந்தார்கள். நீங்கள் வராததே நீங்கள் தேடிப்போன இரண்டாவது சாட்சி என்று எனக்குப் பட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் கதிரையில் அமர்ந்தேன்.

"செய்திகள். ஒலிபெருக்கியில் சொன்னது உண்மை. உறுதிப்படுத்தப் போனவர் திரும்பவில்லை."

நீங்கள் தெருவோரம் உயிரில்லாமல் கிடந்ததைக் கண்டதாகப் பிறகு ஒருவர் சொன்னார். ஒருவர் மட்டும்தான். ஆகவே இந்த மடலிலும் அதை நான் செய்தியாக எழுதவில்லை. இப்போதும் யாராவது பரபரப்பாக ஏதும் சொன்னால், வேறு யார் சொன்னது என்று கேட்கிறேன். வீட்டில் இதற்கு நல்ல பெயரில்லை.

அன்று செல்லையர்தான் முதலில் எழும்பினார். பின்னால் ஊர் எழும்பியது. கோட்டைக் கழற்ற நேரமிருக்கவில்லை. அதைப் போட்டபடியே, கொட்டும் மழையில், தென்மராட்சிக்குப் போகும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தேன். அது முழுக்க நனைந்தது.