சமாதான ஜெபத்துக்கு வந்த ஆறு சிலிண்டர்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜூடி அப்பாவுக்கு,

பெர்சிஸ் எழுதுவது. நானும் ஜூடியும் மாதா தயவில் சுகம். உங்கள் போன் வந்து பத்து நாளாகிறது. கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறப்போகும் தாமஸ் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வளைகுடாவில் சண்டை தொடங்கியதிலிருந்து நம் இட்லிக் கடை பாதி நாள் மூடிக் கிடக்கிறது. கேஸ் இல்லை. ஏஜென்சிக்கார அமலதாஸிடம் கேட்டால், கப்பலே வரலம்மா, நான் இன்னா பண்றது என்கிறார். இரண்டு மடங்கு கொடுப்பவர்களுக்குப் பின்வாசலில் வருகிறது. எதிர்வீட்டு சிலுவையம்மாள் விறகடுப்பை ஊதி ஊதி இருமிக்கொண்டு கிடக்கிறாள்.

சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். போர் நிற்க வேண்டுமென்று அமலதாஸ் மாதா கோயிலில் சமாதான ஜெபம் வைத்தார். முந்நூறு பேருக்கு இட்லி போடச் சொன்னார். கேஸுக்கு எங்கே போவேன் என்றேன். அத்த நான் பாத்துக்கிறேன் என்றார். ஒரு மணி நேரத்தில் ஆறு சிலிண்டர், சீல் உடையாமல் வந்து இறங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்றில் இட்லியை அவித்துக் கொடுத்தேன். மீதி ஐந்தையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிப்போய், ஏஜென்சி வாசலில் காலையிலிருந்து வரிசையில் நின்ற பெண்கள் முன்னால் இறக்கினேன். இது இந்த ஆள் அனுப்பியதுதான், உள்ளே இன்னும் இருக்கும் என்றேன். அவர்கள் விடவில்லை. பின்கொட்டகையைத் திறக்க வைத்தார்கள். கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், நாற்பது வீட்டுக்குச் சரியான விலையில் கிடைத்தது. ஒன்றுமே நடக்காதது போல அமலதாஸ் திங்கட்கிழமையே ஏஜென்சியை மறுபடி திறந்துவிட்டார். இனி நமக்குச் சிலிண்டர் கிடையாது என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வம்பு என்று ஜூடி கத்தினாள். அப்புறம் அவளே போய் விறகு வாங்கி வந்தாள்.

நேற்று உங்கள் கப்பல் கம்பெனி மேனேஜர் போனில் பேசினார். சண்டை நடக்கும் கடலைத் தாண்டிப் போக, இரட்டைச் சம்பளத்துக்கு நீங்கள் சம்மதித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். கப்பல் முதலாளி குடும்பத்தோடு லண்டன் போய்விட்டாராம். அவருக்குப் பயம் இருக்கலாம், உங்களுக்கு இருக்கக் கூடாதா? போகமாட்டேன் என்று சொல்லக் கப்பலில் வேலை செய்பவர்களுக்கு உரிமை உண்டு என்று தாமஸ் அண்ணன் சொல்கிறார்.

ஜூடி காலேஜ் ஃபீஸுக்காகத்தான் ஒத்துக்கொண்டிருப்பீர்கள். அவள் அடுத்த வருஷம் சேரட்டும். நீங்கள் கொழும்பிலேயே இறங்கிவிடுங்கள். வம்பிழுத்துக் கடையைக் கெடுத்தேன் என்று வந்து என்னைத் திட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
பெர்சிஸ்