புவனேந்திரனைப் பார்க்கச் சைக்கிளில் போனது

ஜேர்மனி
ஐப்பசி, 1988

அன்புள்ள மகள் புஷ்பராணிக்கு ஐயா எழுதிறது. பிள்ளை, நான் இஞ்சை தேகசுகத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறன். நீயும் அம்மாவும் நோய்நொடி அணுகாமல், ஆமிக்காரரின்ரை சோதினையளிலை அகப்படாமல் இருக்கவேணுமெண்டு பிள்ளையாரை நினைச்சுக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். எடுத்துக் கனநாளாச்சு, எழுதத்தான் மனம் வரேல்லை. நீ ஏஜென்சிக்காரனோடை கொழும்புக்கு வெளிக்கிட முன்னம் இது உன்ரை கையிலை கிடைக்கவேணுமெண்டு, ஊருக்குப் போற ஒரு ஆளிட்டைக் குடுத்துவிடுறன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டாதை மோனை. முதல் நீ தனிய இருந்து வாசி.

விசயம் புவனேந்திரனைப் பற்றினது. ஆர் பிறத்தியே, என்ரை கூடப்பிறந்த அக்காவின்ரை மகன். எண்பத்திமூண்டிலை மோதிரம் மாத்தி, றெயிஸ்ரருக்கு முன்னாலை கலியாண எழுத்தும் எழுதி, ஆவணியிலை நல்லநாள் பாத்துத் தாலி கட்டுவம் எண்டு இருக்கத்தான் கலவரம் வந்தது. அவன் அந்த ஆவணியே ஜேர்மனிக்கு வெளிக்கிட்டவன். எழுதின பிள்ளை எண்டு நீயும் இருக்கிறாய், அஞ்சு வருசம். நான் இஞ்சை வந்தாப் பிறகாவது அவனைக் காணலாம் எண்டால் அதுக்கும் வழியில்லை. அகதிக் கேஸ் முடியாத ஆக்கள் தாங்கள் பதிஞ்ச மாவட்டத்தைத் தாண்டக்கூடாது, ரெயினிலை ஏறினால் பொலிஸ் கறுத்தத் தலையைக் கண்டு பாஸ் கேக்கும். அவன் இருக்கிறது அடுத்த மாவட்டம், ஆத்தோடை போனால் ஒரு பகல் பயணம். ரெலிபோனிலை கேட்டால், கேஸ் முடியட்டும் மாமா, கேஸ் முடியட்டும் மாமா எண்ட ஒரே பாட்டு. உன்னைக் கூப்பிடுறதெண்டு முடிவெடுத்தாப் பிறகு எனக்கு மனம் கேக்கேல்லை. பெட்டையை அனுப்ப முன்னம் மாப்பிள்ளை வீட்டு வாசலை ஒருக்கால் மிதிச்சுப் பாக்கிறதுதானே எங்கடை ஆக்களின்ரை வழக்கம்.

அகதியளை வைச்சிருக்கிற ஹைமிலை என்னோடை ஒரே அறையிலை இருக்கிறவர் லோறன்ஸ், குருநகர்ப் பக்கம், கடல் தொழில் செய்தவர். நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம் கூட. அவர்தான் சொன்னவர், அண்ணை, ரெயினும் வேண்டாம் பெரிய றோட்டும் வேண்டாம், மோசல் ஆத்தங்கரையாலை சைக்கிள் பாதை ஒண்டு போகுது, அதிலை காருக்கு இடமில்லை, வெள்ளையள் லீவு நாளிலை குடும்பத்தோடை சைக்கிளிலை ஊர் பாக்கிற பாதை, அதிலை எந்தப் பொலிசும் பாஸ் கேக்காது எண்டு. சைக்கிள் குப்பையிலை எடுத்ததுதான். இஞ்சை வருசத்திலை ஒரு நாள் பழைய சாமான்களை றோட்டோரம் வைப்பினம், கதிரை, மெத்தை, ரீவி எல்லாம். எங்கடை ஊரிலை ஒருத்தன் இப்பிடி றலிச் சைக்கிளை வாசலிலை வைச்சிருந்தால் வீட்டிலை ஆரோ செத்துப்போச்சினம் எண்டுதான் நினைப்பம். ஊர் பாக்கப் போறவை மாதிரி இருக்கவேணுமெண்டு லோறன்ஸ் எனக்கு ஒரு கட்டைக் காற்சட்டையும் போட்டுவிட்டவர். ஐம்பத்தைஞ்சு வயதிலை முழங்கால் தெரிய உன்ரை ஐயா போன வடிவை நீ பாத்திருக்கவேணும். அண்ணை, பள்ளிக்கூடத்துக்கு நேரஞ்செண்டு போட்டுது, கெதியா மிதியுங்கோ, வாத்தியார் அடிப்பார் எண்டு வழிநெடுகப் பகிடி.

பாதையெண்டால் பாதை, ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் மலை முழுக்க முந்திரிகைத் தோட்டம். இதைப் பிழிஞ்சுதான் வைன் ஆக்கினம். எங்கடை தோட்டத்திலை நாங்கள் பந்தல் போட்டுப் படர விடுவம், குலை தலைக்கு மேலை தொங்கும். இவை ஒவ்வொரு கொடியையும் ஒவ்வொரு தடியிலை கட்டி, நிக்கவே ஏலாத சரிவிலை, கறுத்தக் கல்லுக்குள்ளை நட்டிருக்கினம். தண்ணியும் இறைக்கிறேல்லையாம். நானும் உன்ரை அம்மாவும் இறைச்ச இறைப்பென்ன, இவை வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிற இருப்பென்ன. பழம் ஆயிற காலம், முதுகிலை கூடையைக் கட்டிக்கொண்டு ஆம்பிளை பொம்பிளை எல்லாம் மலையிலை ஏறி இறங்குதுகள். எங்கடை பந்தலுக்கு இப்ப ஆர் மருந்தடிக்கினம், அதையும் ஒருக்கால் எழுது, ஆட்டுக்கு இலையைக் கண்டபடி முறிச்சுப் போடவேண்டாமெண்டு அம்மாவுக்குச் சொல்லு. சரி, எங்கையோ போட்டன்.

அந்தப் பாதையிலை எனக்கு ஒரு கரைச்சல். எதிரிலை வயது போன ஆக்கள் சைக்கிளிலை வந்தால் என்ரை கால் தன்ரை பாட்டிலை நிலத்திலை ஊண்டிப்போடும். பெரியாக்களைக் கண்டால் இறங்கி நிண்டு பழகின கால், என்ன செய்யிறது. இறங்கி நிண்டால் அதுகள் என்ரை சைக்கிள் காத்துப் போட்டுதெண்டு நினைச்சுத் தாங்களும் இறங்கி வருதுகள். ஒரு கிழவனார் என்ரை சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு ரயரைத் தடவிப் பாத்து, ஒண்டுமில்லை எண்டாப் பிறகும் பம்பை எடுத்துக் காத்தடிச்சுத்தான் விட்டவர். தோட்டத்து மூலையளிலை சிலுவைச் சாமியளும் நிக்குது, லோறன்ஸ் இறங்கிக் கும்பிட, நானும் சாமி சாமிதானே எண்டு இறங்கினன். கடைசியிலை அவரே களைச்சுப்போய், அண்ணை, இனி மனுசரைக் கண்டாலும் சாமியைக் கண்டாலும் இறங்கேலாது, இல்லாட்டில் நாங்கள் போய்ச் சேரேக்கை மருமகன் பென்சன் எடுத்திடுவர் எண்டார். அவ்வளவு சந்தோசமாத்தான் மோனை போனனாங்கள். நானும் மனதுக்குள்ளை உன்னை இந்தப் பாதையாலை கூட்டிக்கொண்டு போறமாதிரி நினைச்சுக்கொண்டு மிதிச்சனான்.

அவன்ரை ஊருக்குக் கிட்டப் போகேக்கை எதிரிலை ஒரு சைக்கிள் வந்தது. பாரிலை துவாயைச் சுத்திக் கட்டி அதிலை ஒரு குழந்தைப்பிள்ளை. வெள்ளையள் பிள்ளையைப் பின்னுக்குக் கூடைக் கதிரையிலை வைச்சுத்தான் கொண்டு போவினம். பாரிலை துவாய் சுத்தி வைக்கிறது எங்கடை ஆக்கள். உன்னை நான் அப்பிடித்தானே பள்ளிக்கூடம் கொண்டுபோனனான். நான் இறங்க முன்னம் அவன் என்னைக் கண்டு இறங்கி நிண்டிட்டான். தொப்பியைக் கழட்டிப்போட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான், எங்கடை புவனேந்திரன். குழந்தைக்கு ரண்டு ரண்டரை வயதிருக்கும், மயிர் சோளத்து மயிர் மாதிரி, நெத்தியும் மூக்கும் அச்சொட்டா என்ரை அக்கா. அது அவன்ரை சேட்டைப் பிடிச்சு இழுத்து, அப்பா எண்டு கூப்பிட்டுது. தமிழிலைதான் கூப்பிட்டுது பிள்ளை. நான் ஒண்டும் கேக்க மிச்சம் இருக்கேல்லை.

லோறன்ஸ் கையை ஓங்கிக்கொண்டு போனவர், நான்தான் மறிச்சனான், குழந்தை பயந்துபோடும். குழந்தையின்ரை தாய் தோட்டக்காரன்ரை மகளாம், ஒளிச்சு வேலை செய்யப் போன இடத்திலை பழக்கமாம், கலியாணம் எழுதேல்லையாம், எப்பிடி எழுதிறது, உன்னோடை எழுதினது இருக்கே. மாமா, முதல் மாரிக்குள்ளை எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது, கதைக்கிறதுக்கு ஒரு சனமில்லை, உங்களுக்கு எழுதத்தான் எத்தினையோ தரம் இருந்தனான், ராணியின்ரை பேரை எழுதினாப் பிறகு கை ஓடேல்லை எண்டான். உன்ரை கை ஓடேல்லை, என்ரை பிள்ளையின்ரை வயது ஓடிப்போச்சேயடா எண்டனான். அடியுங்கோ மாமா எண்டு அழுதான். அந்தப் பெட்டை பாதைக்கரையிலை இருந்த வீட்டுக்குள்ளையிருந்து ஓடிவந்து, கையெல்லாம் பழச்சாறு, துடைச்சுப்போட்டு என்ரை கையைப் பிடிச்சு இருக்கச் சொல்லிப் பாணும் சாறும் கொண்டந்து வைச்சுது. அதுக்கு நீ ஒருத்தி இருக்கிறதே தெரியாது. சொல்லிப்போடுவமோ எண்டு நினைச்சனான், நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதின்ரை முகத்தைப் பாத்திட்டு விழுங்கிப்போட்டன். நீ எனக்கெண்டு அனுப்பின பனங்கட்டிக் குட்டானைப் பையிலை கொண்டுபோனனான், மருமகனுக்கும் குடுப்பமெண்டு. குழந்தை கையை நீட்டினது, குடுத்திட்டன். கோவிக்காதை மோனை.

திரும்பி வரேக்கை லோறன்ஸ் ஒரு பகிடியும் விடேல்லை. அந்தப் பாதையிலை வாகனச் சத்தமே இல்லை, செயின் சத்தமும் இலை விழுற சத்தமும் மட்டுந்தான். வாகனம் ஓடுற றோட்டெண்டால் அந்த இரைச்சலுக்குள்ளை ஒரு மனுசன் வாய்விட்டு அழலாம், இதிலை அதுக்கும் வழியில்லை.

பிள்ளை, எழுத்தை வெட்டுறதுக்கு எங்கை வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கிறன் எண்டு அவன் சொல்லியிருக்கிறான். ஏஜென்சிக்காரனை நம்பி இப்ப வெளிக்கிடாதை. அவனிட்டை வாறதெண்டு வெளிக்கிட வேண்டாம். உனக்கெண்டு ஒரு நினைப்பிருந்து வாறதெண்டால் பிறகு வா, ஐயா இருக்கிறன். மோதிரத்தைக் கழட்டுறதோ வைச்சிருக்கிறதோ உன்ரை விருப்பம், ஒருத்தரின்ரை சொல்லையும் கேளாதை. மாமியோடை சண்டைக்குப் போகாதை, அவவுக்கு இது தெரியாது, தெரிஞ்சால் தாங்கமாட்டா. பேரப்பிள்ளை இருக்கெண்டதை அவன்தான் தாய்க்குச் சொல்லவேணும். அம்மாவுக்கு நீ பக்குவமாய்ச் சொல்லு, சாப்பிட்டாப் பிறகு சொல்லு. நீயும் சாப்பிடாமல் கிடவாதை. அம்மாவின்ரை கண்ணுக்கு மருந்து விட மறக்காதை. நீ நூறு வயதுக்கு நல்லாயிருக்கவேணும் பிள்ளை, அந்தப் பிள்ளையார் உன்னைக் கைவிடான்.

ஒண்டு மட்டும் ஐயா சொல்லுறபடி செய். சனம் கேக்கும், ஏன் போகேல்லை எண்டு. அவன் விட்டிட்டான் எண்ட சொல் உன்ரை வாயிலையும் வரக்கூடாது, பிறத்தியார் வாயிலையும் வரக்கூடாது. தகப்பன்தான் மறிச்சவர், வெளிநாடு போனாப் பிறகு அந்தாளுக்குத் தலைக்கனம், சொந்த அக்காவின்ரை பொடியனையே வேண்டாமெண்டு போட்டார் எண்டு சொல்லு. ஊர் என்னைப் பேசட்டும், மாமியும் மண் அள்ளித் திட்டட்டும். நான் இவ்வளவு தூரத்திலை இருக்கிறன், எனக்குக் கேளாது.

இப்பிடிக்கு,
உன்ரை ஐயா
க. தம்பித்துரை