பெற்றவள் உயிரோடு இருக்கிறாள்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் தத்தெடுக்கவிருக்கும் அபெனாவின் தாய் உயிரோடு இருப்பதை, கானாவிலுள்ள எங்கள் வழக்கறிஞர் நேற்றுத் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். இறந்துவிட்டதாகவே பிள்ளைகள் இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை சின்னது என்று, தாயை இழந்தவர்கள் பிடிக்கும் சித்திராபௌர்ணமி விரதத்தை அவளுக்காக நீங்களே பிடித்தீர்கள்.

"உயிரோட இருக்கிற மனிசிக்கு மாமி விரதம் பிடிச்சுப்போட்டா," என்று உங்கள் மருமகன் சிரித்தார். பிறகு, "அவ பிள்ளையைத் தா எண்டு கேட்டால்?" என்றார். 

அபெனாவுக்குச் செய்வித்த கொலுசை இப்போது அனுப்ப வேண்டாம். மிளகாய்த்தூள் மட்டும் அனுப்புங்கள், இங்கே வாங்குவது வாய்க்குப் பிடிக்கவில்லை.

தத்துக்குச் சம்மதமா என்று வரும் பதினேழாம் திகதி நீதிமன்றம் அபெனாவின் தாயிடம் கேட்கும். அதுவரை எனக்காகக் கோயிலில் நேர்த்தி வைக்காதீர்கள். அவரும் எங்கோ மன்றாடிக்கொண்டிருப்பார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
நிலாணி